பழுது நீக்க இயலாத மானிட்டர்

பள்ளிக்கூடத்து மானிட்டரை நான் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனது உண்மை. பிளாஸ்டிக் மழைத்தாளில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு போனேன். பட்டப்பகலில், நாலு மணி பஸ்ஸில், பாதி ஊர் பார்க்கத்தான் போனேன். திருடுகிறவள் அப்படிப் போவாளா என்று இன்றைக்கும் எனக்குள்ளேயே வாதாடிக்கொண்டிருக்கிறேன். கேட்க வேண்டியவர்கள் கேட்டு முடித்துவிட்டார்கள். எழுத வேண்டியதை எழுதியும் முடித்துவிட்டார்கள்.

தேவாலாவைத் தாண்டி எஸ்டேட் பாதையில் உள்ள ஒரு பள்ளிக்கூடத்தில் நான் கம்ப்யூட்டர் டீச்சர். பகுதிநேரம். வாரத்தில் மூன்று அரைநாள் என்று ஆணையில் இருக்கிறது. நடப்பில் ஐந்து நாளும் போவேன். பிள்ளைகளின் வருகை, மதிப்பெண், இலவசச் செருப்பின் அளவு வரைக்கும் இணையத்தில் ஏற்றுகிற வேலை என் தலையில்தான். பன்னிரண்டு வருடமாக இப்படித்தான். நிரந்தரம் ஆக்கிவிடுவார்கள், ஆக்கிவிடுவார்கள் என்று கேட்டுக் கேட்டுக் காது மரத்துவிட்டது. வருடா வருடம் தலைமையாசிரியர் என் பணி திருப்தி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வருடம் எனக்கு உண்டு.

கம்ப்யூட்டர் அறை என்பது பழைய சத்துணவுப் பண்டக அறை. சுவரில் கைவைத்தால் கை நனையும். எங்கள் பக்கத்து மழையைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். ஜூனில் பிடித்தால் துணி காயாது, உப்பு ஜாடியில் நிற்காது. கரண்டு வருவதும் போவதும் மழையின் இஷ்டம். அந்த அறையில் ஆறு கம்ப்யூட்டர்கள் வைத்துக் கொடுத்தார்கள். மூன்று மழைக்காலத்துக்குள் மானிட்டர்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. பெட்டி ஓடும், விசிறி சுற்றும், திரை மட்டும் வராது. கடைசியில் மிஞ்சியது இரண்டு. அதில் ஒன்றை ஆபீஸ் வேலைக்கு என்று தலைமையாசிரியர் தன் அறைக்கு எடுத்துக்கொண்டார்.

ஒரே திரை, முன்னால் முப்பத்தெட்டுப் பிள்ளைகள். பின்வரிசைக்கு முன்வரிசையின் தலைதான் தெரியும். அதனால் நான் கரும்பலகையில் திரையை வரைந்து பாடம் நடத்தினேன். இது ஐகான், இது மெனு, இங்கே அம்புக்குறி வரும் என்று சாக்பீஸால் காட்டுவேன். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, கொழுந்து பறிக்கிறவரின் மகள், ஒருநாள் எழுந்து கேட்டாள்.

"டீச்சர், அந்த அம்ப இழுத்தா வர்றதுன்னு சொன்னீங்களே. நீங்க அழிச்சு அழிச்சு வரையறீங்க. நெசத்துல எப்படி நகரும்?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து துணி மடிக்கும்போது அந்தக் கேள்வி நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. கம்ப்யூட்டர் பாடத்தில் எண்பது மார்க் வாங்குகிற பெண், அம்புக்குறி நகர்ந்து பார்த்ததில்லை.

தலைமையாசிரியரிடம் சொல்லிச் சொல்லி, ஜூன் கடைசியில் ஒரு மெக்கானிக் வந்தார். கூடலூரிலிருந்து பைக்கில் நனைந்துகொண்டு வந்தவர், திரும்பிப் போகிற அவசரத்தில் இருந்தார். நாலு மானிட்டரையும் ஒருமுறை பிளக்கில் சொருகிப் பார்த்தார். ஒன்றையும் திறக்கவில்லை.

"போர்டு போயிருச்சுங்க. இதெல்லாம் பாக்கறது வேஸ்ட். புதுசு வாங்கிக்கங்க" என்றார்.

நாலுக்கும் சேர்த்து ஒரே தாளில் 'பழுது நீக்க இயலாதது' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். தலைமையாசிரியருக்கு அதுதான் வேண்டியிருந்தது. கெட்ட மனிதர் என்று அவரைச் சொல்லமாட்டேன். ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தது. தணிக்கை, விசாரணை என்று எதுவும் தன் பெயரில் வராமல் வீடு போய்ச் சேர வேண்டும் என்பது ஒன்றுதான் அவருடைய கவலை. அந்தத் தாளை வைத்து நாலு மானிட்டரையும் கண்டம் செய்யப் பட்டியல் எழுதினார். கண்டம் என்றால், இனி உதவாது என்று அரசாங்கக் கணக்கிலிருந்து அடித்துவிடுவது. அதன்பிறகு அது ஏலத்துக்குப் போகிற குப்பை. பட்டியல் மேலே போய், ஒப்புதலாகி, புதியது வர ஒரு வருடம் ஆகலாம் என்றார்கள்.

மெக்கானிக் சொருகிப் பார்த்தபோது நான் ஒன்றைக் கவனித்திருந்தேன். ஒரு மானிட்டரில் மட்டும் கீழே உள்ள சின்னப் பச்சை விளக்கு விட்டு விட்டு மின்னியது. உள்ளே ஏதோ 'டிக் டிக்' என்றது. முழுக்கச் செத்தது எப்படிச் சத்தம் போடும்? நான் படித்தது பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். புரோகிராம் எழுதத் தெரியும், ஃபியூஸ் போடத் தெரியாது. போனில் தேடினேன். விளக்கு மின்னினால் பவர் சப்ளைதான் கோளாறு, அதில் சின்னச் சின்ன உருளைகள் உப்பியிருக்கும், மாற்றினால் சரியாகிவிடும் என்று பத்துப் பேர் பத்து மொழியில் செய்து காட்டியிருந்தார்கள். பஸ்ஸில் போகவர அதையே பார்த்தேன். சில வளைவில்தான் டவர் கிடைக்கும். பாதி வீடியோவில் ஒருவன் கையில் ஸ்க்ரூடிரைவரோடு உறைந்து நிற்பான். அடுத்த டவர் வரும்வரை நான் அவனுடைய கையையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

என் பக்கத்து சீட்டில் கணக்கு டீச்சர் உட்கார்ந்திருப்பார். என்னைவிட எட்டு வயது மூத்தவர். நிரந்தரப் பணி. ஒன்பது வருடமாக ஒரே பஸ், ஒரே சீட். நான் அக்கா என்பேன், அவர் என்னைக் கண்ணு என்பார். எனக்குக் கருப்பை அறுவை நடந்தபோது பதினைந்து நாள் எங்கள் வீட்டுக்கு ரசமும் சோறும் அவர் வீட்டிலிருந்துதான் வந்தது. இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் நியாயமாக இருக்காது.

"எப்பப் பாரு இதையே பாக்கறியே கண்ணு. பாக்கறதுக்குச் செஞ்சே பாக்கலாமில்ல" என்றார் அக்கா.

"பள்ளிக்கூடத்துச் சாமானுங்க்கா."

"செத்துப்போச்சுன்னு எழுதிக் குடுத்தாச்சு. செத்தத என்ன மறுபடி கொல்லவா போற? சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோ."

கேட்டேன். ஒரு வெள்ளிக்கிழமை, மதியத்துக்குமேல். அக்கா பாடக்குறிப்பேட்டில் கையெழுத்து வாங்க வந்து என் பக்கத்தில் நின்றிருந்தார். தலைமையாசிரியர் எதையோ எழுதிக்கொண்டிருந்தார்.

"சார், அந்த மானிட்டர்ல ஒண்ண வீட்டுக்குக் கொண்டுபோய் நான் பிரிச்சுப் பாக்கட்டுங்களா? சரியானா பிள்ளைங்களுக்கு ஆகும்."

அவர் தலையைத் தூக்கவில்லை. "பாருங்க, பாருங்க" என்றார்.

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு சொல்லும் கிடையாது. அக்காதான் தன் மழைத்தாளைக் கொடுத்தார். இரண்டு பேரும் சேர்ந்து சுற்றினோம். பஸ்ஸில் கண்டக்டர், "என்னங்க டீச்சர், டி.வி.யா?" என்றார். "பரலோகம் போன டி.வி." என்று அக்கா சொல்ல, முன்சீட்டுப் பெண்கள் எல்லாம் சிரித்தார்கள்.

என் கணவர் எஸ்டேட் ஃபேக்டரியில் தேயிலையைக் காயவைக்கிற டிரையர் பார்க்கிறார். எங்களுக்கு ஃபேக்டரிக்குக் கீழே குவார்ட்டர்ஸ். ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பாட்டு மேசையில் பழைய போர்வையை விரித்து, மானிட்டரைக் குப்புறப் படுக்க வைத்தேன். கடைசியாக ஒருமுறை பிளக்கில் போட்டு, விளக்கு மின்னுகிறதா என்று பார்த்துவிட்டுப் பிடுங்கினேன். பின்னால் இருந்த நாலு திருகைக் கழற்றியதும் திறந்துவிடும் என்று நினைத்தேன். திறக்கவில்லை. ஓரமெல்லாம் உள்பக்கமாகக் கொக்கி. காலாவதியான ஏ.டி.எம். கார்டைச் சொருகிச் சுற்றி வந்தேன். ஒவ்வொரு கொக்கியும் எலும்பு முறிகிற மாதிரி சத்தம் போட்டது. இரண்டு முறிந்தே போனது.

உள்ளே ஒரு தகரத் தட்டு, அதற்குள் கை அகலத்துக்கு ஒரு பலகை. சுருள்கள், தகடுகள், உருளைகள். வீடியோவில் சொன்ன உருளைகளைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டேன். கண்டென்சர் என்பார்கள். தண்ணீர்த் தொட்டி மாதிரி, கரண்டைக் கொஞ்சம் பிடித்துவைத்துச் சீராக விடுகிற சாமான். நாலு கண்டென்சரின் தலை சோளப்பொரி மாதிரி உப்பியிருந்தது. ஒன்றின் தலையில் பழுப்பாக ஏதோ கசிந்து காய்ந்திருந்தது. சந்தோஷத்தில் "ஏனுங்க, இங்க வாங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே பலகையை ஓரத்தில் பிடித்துத் தூக்கினேன்.

அடுத்த கணம் நான் அலமாரியில் மோதிக் கீழே கிடந்தேன். கை தோள்வரைக்கும் இல்லாத மாதிரி இருந்தது. பிளக்கைப் பிடுங்கினாலும் அதில் ஒரு பெரிய கண்டென்சர் கரண்டைப் பிடித்து வைத்திருக்கும். ஒரு குண்டு பல்பை அதன் இரண்டு காலிலும் தொடவைத்து அதை வடியவிட வேண்டும். நான் அதிகமாகப் பார்த்த வீடியோ இந்தியில் இருந்தது. அந்த ஆளின் கையை மட்டும்தான் பார்த்தேன். அவன் அதைச் சொல்லியிருப்பான்.

கணவர் என்னைத் தூக்கி உட்கார வைத்தார். முகம் வெளுத்திருந்தது. தண்ணீர் கொடுத்தார். நான் பேசுகிறேன் என்று தெரிந்தபிறகுதான் கத்தினார்.

"பன்னெண்டு வருசமா உன்ன நிரந்தரம் பண்ணாதவனுக்காக நீ எதுக்கு அம்மிணி சாகப் பாக்கற?"

"பிள்ளைங்களுக்காகங்க."

"பிள்ளைங்களுக்காகவாம்! உனக்கு மண்டையில அரிப்பு. அதச் சொல்லு."

அவர் சொன்னது பாதி சரி என்று எனக்கு அப்போதே தெரிந்தது. அந்த ஏழாம் வகுப்புப் பெண்ணை நினைத்துத்தான் தூக்கி வந்தேன். ஆனால் உப்பிய தலைகளைப் பார்த்ததும் அவள் ஞாபகம் எனக்கு இல்லை. படித்த படிப்புக்குப் பன்னிரண்டு வருடத்தில் முதல்முறையாக மூளைக்கு ஒரு வேலை கிடைத்திருந்தது. செருப்பு அளவை ஏற்றுகிற வேலையில்லை. திட்டிவிட்டு வெளியே போன மனிதர், அரைமணியில் ஃபேக்டரி எலக்ட்ரீஷியனிடம் ஈயம் பற்றவைக்கிற சால்டரிங் அயர்னை இரவல் வாங்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். கூடவே ஒரு குண்டு பல்பும் இருந்தது.

நாலையும் கழற்றி எடுத்துக்கொண்டு சனிக்கிழமை கூடலூர் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் டி.வி. சாமான் விற்கிற ஒரு மலையாளியின் கடை. கடைக்காரர் உப்பிய நாலையும் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார்.

"சேச்சி, மெக்கானிக் யாரு?"

"நான்தான்."

அவர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். சிரிக்கவில்லை. "இதில எழுதின வோல்ட்டுக்குக் கொறஞ்சது போடவே கூடாது. கூடுதல் ஆனா குழப்பமில்ல" என்று சொல்லி நாலு எடுத்துக் கொடுத்தார்.

இரவல் வாங்கிய அயர்ன் ஃபேக்டரி மோட்டாருக்கு உள்ளது. இந்தச் சின்னப் பலகைக்குக் கடப்பாரை. சூட்டில் ஓரிடத்தில் செம்புக் கோடு உரிந்து சுருண்டுவிட்டது. ஒரு துண்டு ஒயரை வைத்து அந்த இடத்தைப் பாலம் கட்டினேன். விரல் இரண்டில் கொப்புளம். நாலும் பொருத்தி, எல்லாம் சரி என்று பிளக்கைப் போட்டேன். மூன்று எண்ணுவதற்குள் துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். வீடு முழுக்கப் புகை, மீன் கருகின நாற்றம். மேசையெல்லாம் வெள்ளித்தாள் நாரும் பஞ்சும். பக்கத்து வீட்டம்மா குக்கர் வெடித்துவிட்டதென்று ஓடி வந்தார்.

ஒரு கண்டென்சரை நான் தலைகீழாக, கால் மாற்றிப் போட்டிருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை மறுபடி கூடலூர். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்ததுமே, "பொட்டிச்சோ சேச்சி?" என்றார். வெடித்துவிட்டதா என்று கேட்கிறார். தலையாட்டினேன். அவர் ஒன்றைக் கையில் எடுத்து உடம்பில் இருந்த வெள்ளைக் கோட்டைக் காட்டினார். "இந்தக் கோடு மைனஸ். போர்டிலயும் மைனஸ் பாதி கறுப்பா அடிச்சிருக்கும். கோட்டக் கறுப்புக்குப் போடணும்." கூட இரண்டு அதிகமாகவே கொடுத்து, "இனி பொட்டாது" என்றார்.

மூன்றாவது ஞாயிறு, மத்தியானம் பன்னிரண்டு மணி இருக்கும், மழை தகரத்தில் விழுகிற சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. கணவர் கதவோரம் தள்ளி நின்றுகொண்டார். நான் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு சுவிட்சைத் தட்டினேன். வெடிக்கவில்லை. பச்சை விளக்கு எரிந்தது, எரிந்தபடியே நின்றது. பிறகு கறுப்புத் திரையில் ஒரு சின்ன நீலப் பெட்டி வந்தது. சிக்னல் இல்லை என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது, வேறு என்ன காட்டும்? அந்தப் பெட்டி திரையில் மெதுவாக நகர்ந்தது, மூலையில் முட்டியது, திரும்பி வந்தது. கணவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். இரண்டு பேரும் சினிமா பார்க்கிற மாதிரி கால்மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சோறு ஆறிப்போனது.

இந்தச் சந்தோஷத்துக்கு ஆயுள் ஒருநாள்.

திங்கட்கிழமை வகுப்பில் மாட்டினேன். பிள்ளைகள் போட்ட சத்தத்தில் அடுத்த வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்தார். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு மௌஸைக் கையில் கொடுத்தேன். அவள் இழுத்தாள், அம்புக்குறி போனது. திரையைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சிரித்தாள். சத்தம் கேட்டுத் தலைமையாசிரியரும் வந்தார்.

"சார், சரியாயிருச்சுங்க! மத்த மூணையும் பாத்துடலாம். இதே கோளாறுதான் இருக்கும்" என்றேன்.

அவர் முகத்தில் ஒரு நிறம் வந்து போனது. வாசலில் நின்றபடி அந்தத் திரையைப் பார்த்தார். பிறகு, "கொஞ்சம் ரூமுக்கு வாங்க" என்றார்.

கண்டப் பட்டியல் போன வாரமே மேலே ஒப்புதலாகிவிட்டது. 'பழுது நீக்க இயலாதது' என்று அவர் கையெழுத்துப் போட்ட சாமான் இப்போது வகுப்பறையில் ஓடிக்கொண்டிருந்தது. நாளைக்கு யாராவது வந்து பார்த்தால், நல்ல பொருளை எப்படிக் கண்டம் செய்தாய் என்று அவரைத்தான் கேட்பார்கள். பட்டியலைத் திருப்பி வாங்கினால் ஏன் பொய்யாக எழுதினாய் என்பார்கள். இரண்டு பக்கமும் அவருக்கு அடி. இதையெல்லாம் அவரே அந்த அறையில் எனக்கு விளக்கிச் சொல்லியிருந்தால், நானே அந்தக் கண்டென்சர்களைக் கழற்றிப்போட்டிருப்பேன். அவர் அப்படிச் சொல்லவில்லை.

"யாரக் கேட்டு எடுத்துட்டுப் போனீங்க?" என்றார்.

"உங்களத்தான் சார் கேட்டேன்."

"எங்கிட்டயா? எழுத்துல குடுத்தீங்களா?"

மறுநாள் மெமோ வந்தது. அனுமதியின்றி அரசு உடைமையை எடுத்துச் சென்றது, பிரித்தது, உள்ளிருந்த அசல் பாகங்களை அகற்றி வேறு பாகங்களைப் பொருத்தியது. மூன்றாவதைப் படித்தபோது எனக்குப் புரியவே கொஞ்ச நேரமானது. நல்ல பாகத்தைக் கழற்றி விற்றுவிட்டேன் என்று பொருள். உப்பிய நாலு கண்டென்சரையும் நான் தீப்பெட்டியில் போட்டு வைத்திருந்தேன். கொண்டுபோய் அவர் மேசையில் கொட்டினேன். பட்டாணி மாதிரி உருண்டன.

"இதுதான் அதுல இருந்ததுங்கறதுக்கு என்ன ஆதாரம்?" என்றார்.

பத்துநாள் கழித்து விசாரணைக்கு மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். கடுமையான ஆளில்லை. களைத்த மனிதர். காலில் அட்டை கடித்த இடத்தைச் சொறிந்துகொண்டே கேட்டார். "வாய்மொழியா அனுமதி கேட்டேன்னு சொல்றீங்க. யாராவது கூட இருந்தாங்களாம்மா?"

"கணக்கு டீச்சர் இருந்தாங்க" என்றேன். எவ்வளவு நிம்மதியாகச் சொன்னேன் என்பது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

அக்காவைக் கூப்பிட்டார்கள். அவர் வந்து மேசைக்கு அந்தப் பக்கம் நின்றார். நான் இருந்த திசைக்கே கண் வரவில்லை.

"இவங்க ஹெச்.எம்.கிட்ட அனுமதி கேட்டப்ப நீங்க இருந்தீங்களா?"

"இல்லீங்க சார். எனக்குத் தெரியாதுங்க."

"மானிட்டர எடுத்துட்டுப் போனது தெரியுமா?"

"பஸ்ஸுல கையில ஏதோ வெச்சிருந்தாங்க. என்னன்னு நான் கேக்கலீங்க."

எழுதி வாங்கினார்கள். அவருடைய கையெழுத்து கரும்பலகையில் மாதிரியே முத்து முத்தாக இருந்தது.

அன்றைக்கும் அதே நாலு மணி பஸ். நான் ஏறி வழக்கமான சீட்டில் உட்கார்ந்தேன். அவர் வரமாட்டார் என்று நினைத்தேன். வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். மூன்றாவது வளைவில் என் கைமேல் கையை வைத்தார்.

"கண்ணு, மூத்தவளுக்கு மாப்ள பேசிட்டு இருக்கறோம். இப்பப் போய் என்ன மலைய விட்டுக் கீழ்நாட்டுக்கு மாத்திட்டாங்கன்னா நான் என்ன பண்றது? அவர் சொல்லிட்டாரு, சாட்சி சொன்னா நீங்களும் உடந்தைன்னு. உனக்கு என்ன, ஒரு மன்னிப்புக் கடுதாசி எழுதிக் குடுத்தா முடிஞ்சிரும்."

நான் கையை எடுத்துக்கொண்டேன். ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். ரசமும் சோறும் கொண்டுவந்த கை என்பதால் வாய் வரவில்லை என்று கொஞ்சநாள் நினைத்தேன். அதுவும் இல்லை. எனக்கு அப்போது வந்த யோசனை வேறு. அவர் இடத்தில் நான் இருந்தால், நிரந்தர வேலையும் கல்யாணத்துக்கு நிற்கிற பெண்ணும் எனக்கு இருந்தால், நான் என்ன சொல்லியிருப்பேன்? பதில் தெரிந்ததனால்தான் வாயை மூடிக்கொண்டேன். அதற்காக அவரை மன்னித்தேன் என்றில்லை. மறுநாளிலிருந்து நான் பின்சீட்டுக்குப் போய்விட்டேன். அடுத்த வருடம் அவர் தானாகவே கேட்டுக் குன்னூர்ப் பக்கம் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்தது. நான் போகவில்லை.

மன்னிப்புக் கடிதம் எழுதினேன். என் கணவர், "எழுதாத. வேலை போனாப் போகுது" என்றார். அவர் சொல்லுகிற வேகத்தில் தெரியும், போனால் என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியும் என்பது. 'அறியாமையால் செய்த தவறு' என்று ஒரு வரி வேண்டும் என்று தலைமையாசிரியர் சொன்னார். நான் பன்னிரண்டு வருடத்தில் அறிந்து செய்த ஒரே காரியம் அது. அந்த வரியையும் எழுதினேன்.

கண்டம் செய்த சாமானைப் பயன்படுத்தக் கூடாது என்பது விதி. புதியது வரும்வரைக்கும் பிள்ளைகளுக்காவது இருக்கட்டும் என்று அந்த அதிகாரியிடமே கேட்டுப் பார்த்தேன். "நல்லா ஓடுதும்மா, தெரியுது. ஆனா இது இப்ப இல்லாத பொருள்" என்றார். வெள்ளைப் பெயின்டில் குறுக்குக் கோடு போட்டு, மற்ற மூன்றோடு அதையும் உடைந்த பெஞ்சு அறையில் அடுக்கினார்கள். பள்ளிக்கூடத்தில் என் ஒருத்திக்குத்தான் எது ஓடுவது என்று தெரியும். பொங்கலுக்கு முன்னால் பழைய இரும்புக்காரன் ஏலத்தில் எடுத்து லாரியில் ஏற்றினான். தூக்கி எறிந்தபோது நாலாவது விழுந்த சத்தம் கேட்டது. நான் வகுப்பில் இருந்தேன். கரும்பலகையில் திரை வரைந்திருந்தேன்.

புதிய மானிட்டர்கள் கோடை விடுமுறைக்குப் பிறகு வந்தன. அந்தப் பெண் அதற்குள் ஏழாம் வகுப்பு முடித்துச் சேரம்பாடியில் அத்தை வீட்டில் தங்கிப் படிக்கப் போய்விட்டாள்.

கதை இதோடு நின்றிருந்தால் எனக்குக் கொஞ்சம் மானமாவது மிஞ்சியிருக்கும். தலைமையாசிரியர் ஓய்வுபெற நாலு மாதம் இருக்கும்போது ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். குரல் மாறியிருந்தது.

"டீச்சர், வீட்டுல பொண்ணோட மானிட்டர் திடீர்னு போயிருச்சு. ஆன்லைன்ல வேலை பாக்கறா. கடையில ஒரு வாரம் ஆகுங்கறான். நீங்க கொஞ்சம் வந்து பாக்க முடியுங்களா?"

எழுதிக் கொடுங்கள் சார் என்று நான் சொன்னதாக இரண்டு மூன்று பேரிடம் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. "சரிங்க சார், சனிக்கிழமை வர்றேன்" என்றுதான் சொன்னேன். அந்த வருடத்துக் கையெழுத்து இன்னும் அவர் போடவில்லை.

போனேன். கூடலூரில் புது வீடு. அவர் மனைவி மேசையில் துணி விரித்து வைத்திருந்தார். குண்டு பல்பு வைத்துக் கரண்டை வடித்தேன். கொக்கி ஒன்றுகூட முறியாமல் திறந்தேன். இரண்டு கண்டென்சர் உப்பியிருந்தது. கடைக்காரரிடம் போய் வாங்கிவந்து, கோட்டைக் கறுப்புக்கு வைத்து, பற்றவைத்தேன். ஒருமணி நேரம்கூட ஆகவில்லை. திரை வந்தபோது அவர் மகள் என் தோளைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். அம்மா காபி கொண்டுவந்தார்.

தலைமையாசிரியர் நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "உங்க கையில வித்தை இருக்குதுங்க டீச்சர். அன்னிக்கே தெரியும் எனக்கு" என்றார். அவர் அதை நல்லபடியாகத்தான் சொன்னார்.

காபியைக் குடித்தேன். நன்றாக இருந்தது. அவரை வெறுத்துக்கொண்டே திறந்தவள்தான் நான். ஆனால் ஈயம் உருகிச் செம்பில் பளபளவென்று பரவுவதைப் பார்த்தபோது, இது யார் வீடு என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது ஏதோ ஒரு பழைய பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தேன். தபால் ஆபீஸ் வளைவு வரைக்கும் அது எனக்கே தெரியவில்லை. தெரிந்ததும் நிறுத்தினேன். குடையை விரித்துக்கொண்டு ரோட்டைக் கடந்தேன்.